சுசீலா தேய்த்த தைலமும் என் இதயச் சோதனையும்

டுரியான் துங்கால்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. தம்புசாமி அவர்களுக்கு,

இவ்விடம் நானும், தங்கள் தங்கை சுசீலாவும், மருமகள் ஷாந்தினியும், என் மாத்திரை டப்பாக்கள் மூன்றும் நலம். அவ்விடம் தங்கள் நலமும், இதயச் சோதனைக்குப் போகச் சொல்லி டாக்டர் கொடுத்தும் தாங்கள் அலமாரியில் ஒளித்து வைத்திருக்கும் கடிதத்தின் நலமும் அறிய ஆவல்.

மச்சான், தாங்கள் தாங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்து ஒரே பைப்படியில் குளித்தவர்கள் நாம். நீ என்றே எழுதுகிறேன். போனில் சோதனை என்ற சொல்லை எடுத்தாலே, "லைன் சரியில்லடா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பதிலுக்கு முருகன் படம் அனுப்புகிறாய். கோயில் படி ஏறும்போது உனக்கு நெஞ்சை அடைக்க ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. அதை நினைத்து நினைத்து உன் தங்கை ரசத்தில் உப்புப் போட மறக்கிறாள். அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை நான் சோதனைக்குப் போன கதையை எழுதுகிறேன். படித்துவிட்டு நீயும் போ. பயப்பட ஒன்றுமே இல்லை.

முதலில் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதன்படி ஒரு நாள் முழுக்கக் கோப்பி, தேநீர், மைலோ எதுவும் குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றோடும் வரக்கூடாது, வயிறு முட்டத் தின்றுவிட்டும் வரக்கூடாது. எனக்கு இருபது வருட இனிப்பு நீர், பிரஷர், மழை வந்தால் இழுப்பு, மழை வராவிட்டால் முட்டிவலி. ஆகவே டாக்டர் தன் கைப்பட இன்னும் நாலு வரி எழுதினார்: இந்தப் பிரஷர் மாத்திரையை நிறுத்து, அந்த மாத்திரையை நிறுத்தாதே, இனிப்பு நீர் ஊசியைப் பாதியாக்கு, இழுப்பு மருந்தைக் கையோடு கொண்டு வா. ஷாந்தினி அதையெல்லாம் நாலு வண்ணத்தில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினாள். நான் தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "மாமா, பச்சை முடிஞ்சிச்சா? சிவப்பத் தொடாதீங்க லா" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும்.

மாத்திரையைக்கூட சமாளித்துவிட்டேன், கோப்பியை முடியவில்லை மச்சான். விடியாத இருட்டில் நாம் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடும்போது உன் அம்மா வாசலில் நின்று மங்குக் கோப்பையில் வரக்கோப்பி நீட்டுவார்களே, அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் குடித்தவன் நான். பத்து மணிக்கே தலை வெடித்தது. சுசீலா தைலத்தை எடுத்து வந்து நெற்றியில் தேய்த்தாள். மறுநாள் காலை கிளம்பும்போதும் தேய்த்தாள். அதோடு விட்டாளா? "ஏங்க, சோதனை நெஞ்சுக்குத்தான? தலைக்கு மட்டும் போட்டா எப்படி?" என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்து நெஞ்சு முழுக்க அரை பாட்டிலைத் தேய்த்து, மேலே திருநீறும் பூசி அனுப்பினாள்.

அடுத்தது சப்பாத்து. ஓடத் தகுந்த சப்பாத்து போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பரணில் கிடந்த என் கறுப்பு ரப்பர் சப்பாத்தை எடுத்து மாட்டினேன். "மாமா, பால் மரம் சீவவா போறீங்க?" என்று ஷாந்தினி சிரித்த சிரிப்பில் கார் ஸ்டார்ட் ஆகத் தாமதமானது. ஆயர் குரோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நம் தோட்டம் இருந்த இடத்தைப் பார்த்தேன். நாம் பால் வாளியோடு இறங்கிய மூணாம் நம்பர் மேட்டில் இப்போது ஏதோ தொழிற்சாலை. சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்று ஷாந்தினியிடம் சொன்னேன்.

உள்ளே ஒரு மலாய்க்கார மிஸ்ஸி என்னைப் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டுகளை ஒட்டினாள். ஒன்று வழுக்கி வயிற்றுக்கு வந்தது, ஒன்று கட்டிலில் விழுந்தது. முகர்ந்து பார்த்தவள், "அலாமா பாக்சிக், இது தைலமா?" என்று தலையில் கை வைத்தாள். மூன்று முறை துடைத்தாள். திருநீறும் தைலமும் சேர்ந்த குழம்பு சுலபத்தில் போகுமா?

பிறகு ஓடும் பட்டையில் ஏறினேன். அது மெல்ல மேடாகியது. அந்த ரப்பர் சப்பாத்தில் எனக்குப் பெரட்டுக்கு ஓடுவது போலவே இருந்தது. தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் உன் வலது காலையும் என் இடது காலையும் தலைத்துண்டால் கட்டி மூன்று கால் ஓட்டம் ஓடினோமே, நீ கோட்டுக்கு முன்னால் விழ, உன்னை இழுத்துக்கொண்டே நான் ஜெயித்தேனே, அந்த நினைப்பிலேயே ஒன்பது நிமிடம் ஓடினேன். பரிசாக வந்த பிளாஸ்டிக் வாளியில்தான் சுசீலா இன்றும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான் மச்சான், சின்ன விஷயம்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியின்றி நூறாண்டு வாழட்டும். உனக்கு மட்டும், சோதனைக்குப் போய் வரும்வரை வணக்கமும் கிடையாது, வாழ்த்தும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்,
நாகமுத்து.

பி.கு.: மேலே இருப்பதைச் சுசீலா படித்துப் பார்த்துச் சரி என்றாள். இதை அவள் குளிக்கப் போன பிறகு எழுதுகிறேன். தைலம் வரைக்கும் எல்லாம் நிஜம். ஓடியது பொய். மிஸ்ஸி புது ஒட்டு எடுக்க அடுத்த அறைக்குப் போனாள். அந்தப் பட்டையைப் பார்த்தேன். ஒருவன் நிற்கத்தான் இடம் இருந்தது. மச்சான், எனக்குப் பயமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, முடிந்துவிட்டது என்று ஷாந்தினியிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பொய்யைச் சுமந்துகொண்டு சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போய் வேறு தேதி கேட்டேன். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை ஒன்பது மணி. மச்சானுக்கும் வேண்டும் என்றேன், ஒன்பதரை உனக்கு. டாக்டர் கடிதத்தோடு முதல் நாளே வந்துவிடு. தலைத்துண்டு கொண்டு வர வேண்டாம், என்னிடம் இருக்கிறது.