பல்கனிக் கொடி பற்றி மச்சானுக்கு ஒரு விளக்கம்

வெள்ளவத்தை, கொழும்பு,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் குணநாயகம் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை செல்வராணியும் மகள் ஆரணியும் முருகன் புண்ணியத்தில் சுகம். ஸ்காபரோவில் நீங்களும் மச்சாளும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் தாள் எடுத்துக் கடிதம் எழுதிப் பல வருடமாகிவிட்டது. ஆனால் நீங்கள் வட்ஸ்அப் குடும்பக் குழுவிலிருந்து விலகியதோடு நிற்காமல் என்னையும் புளொக் பண்ணிவிட்டபடியால், தபால் கந்தோரைத் தவிர எனக்கு வேறு கதியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுதந்திர தினத்தன்று எங்கள் நாலாம் மாடிப் பல்கனியில் சிங்கக்கொடி பறந்தது உண்மை. அதைத் தெருவில் நின்று படமெடுத்து உங்களுக்கு அனுப்பியவர் உங்கள் பழைய கூட்டாளி சின்னராசா என்பதும் எனக்குத் தெரியும். அந்த மனுசன் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, இறங்கிப் போய்த்தான் எடுத்திருக்கிறார். "கொடி கட்டின வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டன்" என்று நீங்கள் குரல் பதிவு போட்டதிலிருந்து உங்கள் தங்கை என்னோடு கதைப்பதில்லை. மேசைக்குச் சாப்பாடு வரும், ஆள் வராது. ஆவணியில் கல்யாணம், அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. தாய்மாமன் பேர் இல்லாமல் அடிக்க விடமாட்டேன் என்று அவள் மறித்து வைத்திருக்கிறாள்.

கட்டியது நான்தான். ஏன் கட்டினேன் என்று கேட்டால், பழக்கம். நீங்கள் எண்பத்துமூன்று கலவரத்தோடு போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு இங்கே கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையும் கொடியும் எங்கள் வீட்டில் ஒரே பையில் இருந்தன. பெப்ரவரி பிறந்தால் ஒழுங்கை முழுக்கக் கொடி. எங்களைவிட நாட்டுப்பற்று உள்ள சனம் இலங்கையிலேயே இல்லை என்று பார்க்கிறவன் நினைப்பான். அப்போது கட்டாத வீட்டைத்தான் ஏன் கட்டவில்லை என்று கேட்பார்கள். இப்போது எல்லாம் தலைகீழ். பயமும் போய்விட்டது, அதோடு கொடியும் போய்விட்டது. இந்த வருடம் ஒழுங்கையில் எங்கள் பல்கனிக் கொடி ஒன்றுதான் பறந்தது, கட்டின வீட்டை ஏன் கட்டினாய் என்று கேட்கிறார்கள்.

உங்கள் குரல் பதிவு வந்த அன்றே கழட்டத்தான் போனேன், கதிரை போட்டு ஏறி முடிச்சில் கை வைக்கிறேன், கீழேயிருந்து காவலாளி, "மாத்தயா, கொடிய கலவன்னே அய்?" என்று அண்ணாந்து கேட்கிறான், கொடியை ஏன் கழட்டுகிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விதான், ஆனால் சிங்களத்தில் ஏன் என்று ஒருவன் கேட்டால் எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், சும்மா பார்த்தனான் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அடுத்த நாள் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏறி ஒரு முடிச்சை அவிழ்த்தும் விட்டேன், அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது. மச்சான், என் கை என்னைக் கேட்கவில்லை. அவிழ்த்த முடிச்சை அதுவே திரும்பக் கட்டியது, அதுவும் இரட்டை முடிச்சாக. ஜீப்பில் வந்தவர்கள் மூலைக் கடையில் வடை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, கழட்டத்தானே பயம், மூடினால் என்ன என்று யோசித்து, வேட்டி காயப்போடுகிற சாட்டில் கொடிக்கு மேலே ஒரு எட்டுமுழத்தை விரித்தேன். அது கடற்காற்றுக்கு நீட்டி நிமிர்ந்து வெள்ளைக்கொடியாகப் பறந்திருக்கிறது. வெள்ளைக்கொடி கண்டால் செத்தவீடு என்று இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் அந்த நேரம் தெரியாமல் போயிற்று. பின்னேரம் இரண்டாம் மாடி புவாத் நானா, மனுசி லுத்பியாவையும் கூட்டிக்கொண்டு, செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற சீனிப் பைக்கற்றோடு வாசலில் நிற்கிறார்.

"யாரு மௌத்து, அண்ணன்? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

கதவைத் திறந்தது நான் என்றபடியால் இரண்டு பேரும் உள்ளே செல்வராணியைத் தேடுகிறார்கள். என்னோடு கதைக்காத உங்கள் தங்கை குசினிக்குள்ளிருந்து, "இன்னும் ஒருத்தரும் இல்லை. பாத்துக்கொண்டு இருங்கோ" என்றாள்.

புவாத் நானா முழுக் கதையையும் கேட்டார், ஆனால் சிரிக்கவில்லை. "ஈஸ்டர் குண்டு வெடிச்ச வருஷம் எல்லாரும் எங்களச் சந்தேகமாப் பாத்தாங்க, நாங்களும் கட்டினதான் அண்ணன், பெருசாவே கட்டின. இப்ப அலுமாரியில கிடக்கு. கட்டவும் மனசில்ல, வீசவும் பயம்" என்று சொல்லி, சீனியைத் தந்துவிட்டுப் போனார்.

மச்சான், உங்கள் கோபத்தில் பிழை இல்லை. இதே ஒழுங்கையில்தான் உங்கள் வீடு எரிந்தது. அம்மாவின் தையல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு நீங்கள் சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனீர்கள். அதை நான் மறந்துபோனேன் என்று மட்டும் நினைக்காதேயுங்கோ, அந்த நினைப்புத்தான் எனக்குச் சுடுகிறது. ஆரணி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு லீவு தராத வேலையை விட்டுவிட்டுப் பறந்து வந்து அவள் தலையில் பாலறுகு வைத்த மாமன் நீங்கள். அவள் மணவறையில் இருந்து நிமிர்ந்து பார்க்கும்போது நீங்கள் நிற்கவேண்டும். ஆகவே முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது எங்கள் பல்கனி மொட்டையாக இருக்கும். கயிறுகூட இராது.

மச்சாளுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும் அளவுக்கு என் ஆசிகள்.

வீட்டில் பேச்சுத்துணை இல்லாத
உங்கள் மச்சான்,
நாகேந்திரம்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் ஆரணி கடிதத்தைப் பறித்துப் படித்துவிட்டாள். ஆகவே உண்மையை எழுதுகிறேன். கொடியைக் கட்டியது நான் இல்லை, அவள். பழியை என் தலையில் போட்டால் மாமன் மருமகள் உறவாவது தப்பும் என்று பார்த்தேன். இது எல்லாச் சனமும் சேர்ந்து ஜனாதிபதியைத் துரத்திய காலிமுகத்திடல் போராட்டத்துக்கு அவள் கொண்டுபோன கொடி. "அந்த நாளில நீங்கள் பயத்தில கட்டினீங்கள் அப்பா. நான் இது என்ர ஊர் எண்டு கட்டினனான்" என்கிறாள். கழட்டமாட்டாளாம், என்னையும் கழட்ட விடமாட்டாளாம். "மாமாவின்ர வீடுதானே எரிஞ்சது, கொடியைக் கழட்ட அவருக்கு மட்டும்தான் உரிமை இருக்கு. வந்து கழட்டச் சொல்லுங்கோ, நான் கதிரையைப் பிடிக்கிறன்" என்று எழுதச் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள். ஆகவே ஆவணி வரைக்கும் கொடி அங்கேயே இருக்கும். முருகனோடு நான் தனியாகக் கதைத்துக்கொள்கிறேன். கதிரை நல்ல பலமான கதிரை. இரட்டை முடிச்சு மட்டும் என்னுடையது, அதற்கு மன்னிக்கவும்.