ரேடியோவில் பேசிய சண்முகப்ரியா

இர்விங், டெக்ஸாஸ்
8 ஆகஸ்ட் 1999

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் சேனாபதி வணங்கி எழுதுவது. நானும் சண்முகப்ரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? உடுமலையில் மழை உண்டா? இங்கே மூன்று வாரமாக வானம் அடுப்பு மாதிரி இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் கார்டில் நான் "எப்படி இருக்கீங்க மாமா" என்று முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும், மீதிப் பாதி நேரமும் உங்கள் மகள் என் தோளுக்குப் பின்னால் நிற்பாள். விஷயமே அவளைப் பற்றியது என்பதால் கடிதம்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்குப் பேஸ்பால் பிடித்துவிட்டது. நோய் பிடித்தது என்று சொல்வோமே, அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறேன். நீங்கள் தகப்பனார், கல்லூரியில் முப்பது வருஷம் பையன்களை மிரட்டியவர், நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் கேட்பாள் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் வந்தபோது அவளுக்கு இந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை, அவளுக்கு இருக்கும் விசாவில் வேலை செய்யவும் கூடாது. கணக்கில் எம்.எஸ்ஸி. வாங்கி இரண்டு வருஷம் பாடம் நடத்திய பெண், காலையில் நான் தீபக் காரில் ஏறிப்போனால் சாயங்காலம் ஆறரை வரை நாலு சுவர். தீபக் என்னோடு வேலை செய்கிற மெட்ராஸ் பையன், அவன் மனைவி ரோஷினி. ரிச்சர்ட்சனில் ஆபீஸ், இருவரும் ஒரே காரில் போகிறோம். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். ஜனவரியில் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தேன், "இன்னிக்கி நூத்திப் பதினாலுங்க" என்றாள். என்ன நூற்றுப் பதினாலு என்றேன். "ப்ளேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன் மாமா. அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. மார்ச்சில், "ஊருக்கு ஒரு மாசம் போயிட்டு வரட்டுங்களா" என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி நான் பார்க்கவே இல்லை.

ஏப்ரலில் டி.வி.யில் இந்த ஆட்டம் ஆரம்பித்தது. எங்கள் ஆன்டெனாவுக்கு ஒழுங்காக வருகிற சேனல்கள் மூன்றே, அதில் ஒன்றில் ஆர்லிங்டனில் இருக்கிற எங்கள் ஊர் அணியின் ஆட்டம். முதலில் சத்தத்துக்காகப் போட்டு வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு பென்சில் எடுத்தாள். இந்த விளையாட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு, எவன் எத்தனை தடவை அடித்தான், எத்தனை தடவை விட்டான், எல்லாம் மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் வரும். நம் வீட்டுக் கணக்கு டீச்சருக்கு அது போதாதா? அத்தை சமையல் குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்பிய நோட்டில் "பருப்பு ரசம்" என்று தலைப்பு இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்பது பேருடைய அடிக்கும் சராசரி இருக்கிறது. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். சஷ்டி விரதம் பிடிக்கிறாளாக்கும், நம் வீட்டுப் பெண் எங்கே போனாலும் பக்தியை விடவில்லை என்று நான் மூன்று வாரம் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வட்ட நாளில் நானும் வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று சொல்ல, "எதுக்குங்க? இன்னிக்கி நம்ம கிரவுண்டுல மேட்ச், அவ்வளவுதான்" என்றாள்.

சாம்பார் இரண்டு தரம் அடிப்பிடித்தது. பசிக்கிறது என்றால், "பொறுங்க, ரெண்டு அவுட்டு" என்பாள். அபார்ட்மென்ட்டின் பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லாண்டரி ரூம் உண்டு. அங்கே துணி துவைக்கப் போனவள் இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்று ஒரு சனிக்கிழமை தேடிப் போனேன். உங்கள் மகள் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே டோலோரஸ் என்று ஏர்போர்ட்டில் சமையல் வேலை பார்க்கும் அம்மாள். வாசலில் கடிதப் பையைத் தோளில் மாட்டியபடி கால்வின், எங்கள் போஸ்ட்மேன். மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். சண்டை என்று நினைத்துக் குறுக்கே பாய்ந்து, "எக்ஸ்க்யூஸ் மீ, ஷி இஸ் மை வொய்ஃப்" என்றேன். கால்வின் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப நீதான் பிரியாவோட புருஷனா? அவளுக்குப் புத்தி சொல்லு. அந்த பிட்சர் நமக்கு வேணும்" என்றான்.

சண்டை இதுதான். பேஸ்பாலில் நடு சீசனிலேயே ஓர் அணி தன் ஆளைக் கொடுத்துவிட்டு, மாற்றாக வேறு அணியின் ஆளை வாங்கிக்கொள்ளலாம். ஜூலை கடைசிதான் கெடு. எங்கள் அணிக்கு ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து நின்று பந்து வீசுகிற நல்ல பிட்சர் இல்லை. ஆகவே வடக்கே ஓர் அணியிடமிருந்து ப்ரெனிகன் என்று முப்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை வாங்கிக்கொண்டு, எஸ்கோவெடோ என்கிற இருபத்திரண்டு வயதுப் பையனைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு. ஊரே இரண்டாகப் பிரிந்தது. கால்வின் ப்ரெனிகன் கட்சி. டோலோரஸ் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. உங்கள் மகள் பையன் கட்சி. "மூணு வருஷமா அந்த மனுஷனோட பந்துக்கு எதிரணி எத்தனை ரன் எடுக்குதுன்னு பாருங்க, ஏறிட்டே போகுது, நோட்டுல இருக்கு" என்று எனக்கும் காட்டினாள். நான் அப்போது வேறு யோசனையில் இருந்தேன்.

என்ன யோசனை என்பதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும். ஜூலை இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை. என்னை வேலைக்கு எடுத்த கன்சல்டிங் கம்பெனியின் மேனேஜர் கஸ்தூரிரங்கன் சார் கூப்பிட்டு, "சேனா, ஒமாஹால ஒரு ப்ராஜெக்ட். ஆகஸ்ட் பதினாறு ஜாயின் பண்ணணும். உன்ன மாதிரி ஆள்தான் எதுக்கும் மாட்டேன்னு சொல்லாது" என்றார். நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. விசா அவர்கள் கையில் இருக்கிறது மாமா. சரி சார் என்றேன். ஒமாஹா இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேர டிரைவ், பனிகாலத்தில் கதவே திறக்காதாம். வீட்டுக்கு வந்தேன், அவள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். சனிக்கிழமையும் நாளைக்கு என்று விட்டேன். ஞாயிறும் அப்படியே.

செவ்வாய் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு 635 ஃப்ரீவேயில் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. தீபக் வழக்கம்போல ஸ்போர்ட்ஸ் ரேடியோ போட்டிருக்கிறான். ஊரில் யார் வேண்டுமானாலும் போன் செய்து கத்தலாம். "அடுத்து இர்விங்கிலிருந்து பிரியா" என்றார் நடத்துகிறவர். எத்தனையோ பிரியா இருப்பார்கள் என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அப்புறம் குரல் வந்தது. தீபக் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, "டேய், உன் வொய்ஃப்டா!" என்றான்.

முதலில் கணக்கு சொன்னாள். தசமப் புள்ளியோடு சொன்னாள். நடத்துகிறவர் குறுக்கே பேசப் பார்த்தார், "ஒரு நிமிஷம், நான் இன்னும் முடிக்கலை" என்று கிளாஸ் ரூம் குரலில் அடக்கினாள். அதற்குப் பிறகு சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன், அவள் இங்கிலீஷில் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது. "கணக்கு கிடக்கட்டும். அந்தப் பையன் இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எந்தக் கடையில் நல்ல தக்காளி கிடைக்கும் என்று இப்போதுதான் தெரிந்திருக்கும். அவன் பெண்டாட்டிக்கு இப்போதுதான் பேச ஒரு ஆள் கிடைத்திருக்கும். நீங்கள் ஒரு போன் போட்டு, நாளையிலிருந்து வேறு ஊர் என்பீர்கள். கேட்டால் அவன் மாட்டேன் என்றா சொல்லப் போகிறான்? வேலை, போவான். அவளும் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். ஆனால் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" குரல் ஒரு இடத்தில் உடைந்த மாதிரி இருந்தது. அந்த ஆள், "அம்மா, பதினோரு வருஷமா இந்த நிகழ்ச்சி நடத்துறேன், இதை யாரும் கேட்டதில்லை" என்று சொல்லி டயர் விளம்பரம் போட்டார். வண்டிகள் நகர ஆரம்பித்து, நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டோம்.

வீட்டுக்குள் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ கேட்டேன்" என்றேன்.

"கேட்டீங்களா? ஒரு நம்பர் தப்பாச் சொல்லிட்டேனுங்க. நாலு புள்ளி எட்டு இல்ல, நாலு புள்ளி ஆறு."

நின்ற வாக்கிலேயே ஒமாஹாவைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"எப்பச் சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு."

மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "இன்னிக்கிச் செவ்வாய்க்கிழமைங்க" என்றாள். நீங்கள் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"நீ ரேடியோல பேசினது என்னைப் பத்தித்தானே?" என்று கேட்டேன்.

"எல்லாமே உங்களப் பத்தியேவா இருக்கும்? நான் அந்தப் பையனுக்காகப் பேசினேன்."

"சரி. இப்பக் கேக்கறேன். போலாமா, வேண்டாமா?"

துண்டைக் கீழே வைத்தாள். "வேண்டாங்க" என்றாள். "முன்னாடியே கேட்டிருந்தா போலாம்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா மனசுல இருக்கறதச் சொல்லணும்னா, வேண்டாம். இங்கதான் என் பேரு நாலு பேருக்குத் தெரியும்."

மறுநாள் கஸ்தூரிரங்கன் சாரிடம் போய், ஒமாஹாவுக்கு வர முடியாது, வீட்டில் கேட்காமல் ஒப்புக்கொண்டது என் தப்பு என்றேன். "வீட்ல கேக்கணுமா?" என்றார். கேட்கணும் சார் என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு கல்யாணமாகாத ஒரு பையனை அனுப்பிவிட்டு, டிசம்பர் வரை நான் இங்கேயே இருக்கலாம், அதற்குப் பிறகு உறுதி இல்லை என்றார். டிசம்பர் வரட்டும், அவளையும் உட்கார வைத்துப் பேசுவேன்.

ஆனால் எஸ்கோவெடோவுக்கு அப்படி நடக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பையனைக் கொடுத்துவிட்டார்கள். கால்வின் ஜெயித்த களிப்பில் டோனட் பெட்டியோடு வந்தான், இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் டி.வி. போடவில்லை. எனக்கு வீடு நன்றாகவே இல்லை. நானே போய், ப்ரெனிகன் வீசும் முதல் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தேன், வியாழக்கிழமை, உச்சிப் படியில்.

பாவம் மாமா அந்த மனுஷன். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரண்டாவது முடிவதற்குள் ஐந்து ரன் கொடுத்துவிட்டார், இந்த ஆட்டத்தில் அது மலை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் உள்ளே நடக்கும்போது மைதானமே ஊளையிட்டது. உங்கள் மகள் எழுந்து நின்று கை தட்டினாள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான்.

"இந்த ஆள் வேண்டாம்னு ஊரெல்லாம் சொன்னவ நீதானே?" என்றேன்.

"வர வேண்டாம்னு சொன்னேன். வந்துட்டாரில்லைங்க. வந்த மனுஷனுக்கு இங்க யாரத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாகத் தட்டினாள். நானும் எழுந்து தட்டினேன். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை.

ஆகையால் மாமா, அவளுக்கு நீங்கள் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பது இவ்வளவு தூரம் எழுதிய பிறகு எனக்கே தெரியவில்லை. நீங்களே யோசித்து ஏதாவது சொல்லுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். ஒவ்வொரு நாளும் நீங்கள் இருவரும் எங்களை நினைத்துக்கொள்வது இங்கே வந்து சேர்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
சேனாபதி

பி.கு.: இப்படி ஒரு கடிதம் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்குப் போஸ்ட் ஆபீஸ் போகிறாளாம், வருமான வரி விஷயமாக மாமாவிடம் சந்தேகம் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா, ப்ரியா எழுதறேன். இந்த ஊர்க் கவர்ல பசை சரியில்லை. இவர் எழுதினது எல்லாம் சரி, அடிக்கும் சராசரி ஒன்பது பேருடையது இல்ல, பதினோரு பேருடையது. ஒமாஹா விஷயத்த தீபக் வீட்ல சொல்லி, ரோஷினி எனக்குச் சனிக்கிழமையே சொல்லிட்டா. இவரே வந்து சொல்லட்டும்னு மூணு நாள் காத்திருந்தேன். சொல்ற மாதிரி தெரியலை. ஐந்தரை மணிக்கு தீபக் கார்ல எந்த ஸ்டேஷன் ஓடும்னு எனக்குத் தெரியும், அதான் நாற்பது நிமிஷம் லைன்லயே நின்னேன். எஸ்கோவெடோவுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை அப்பா. இவர்கிட்ட சொல்லிடாதீங்க.