பிரெஞ்சு ராஜாக்களை வலம் வந்த கதை

மாலை நான்கு இருபதுக்கு என் மகளின் கையை விட்டேன். காரணம், ஒரு கல் நாய்.

அந்த மகள் இன்று தானே கார் ஓட்டுகிறாள், வேலைக்குப் போகிறாள். இருந்தும் எடிசன் ஊர் இந்தியக் கடையில் காய்கறி வாங்கும்போது இரண்டு நிமிடம் அவள் கண்ணில் படாவிட்டால் தேட ஆரம்பித்துவிடுகிறேன். (கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரரிடம் ஒருமுறை பிடிபட்டிருக்கிறேன்.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஜெர்சி சிட்டியில் இருந்தோம். இரண்டாயிரம் பிறந்தால் பயப்படக் கூடாது என்று ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குப் பாடம் நடத்துவது என் வேலை. மனைவி வசந்தியின் தம்பிக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம் வந்தது. போகும் வழியில் பாரிஸில் ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். எல்லோரும் இரும்புக் கோபுரத்தைப் பார்ப்பார்கள், நான் சரித்திரம் தெரிந்தவன் (என்று ஒரு நினைப்பு). அதனால் பிரெஞ்சு ராஜாக்களை வரிசையாக அடக்கம் செய்திருக்கும் பழைய கதீட்ரலுக்கு இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். ‘அடக்கம்’ என்ற விவரத்தை மட்டும் வாசல் வரை சொல்லவில்லை.

“சமாதியா?” வசந்தி நின்றுவிட்டாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் கல்யாணப் பெண்ணுக்கான தாலி இருந்தது. மாப்பிள்ளைக்கு அக்கா என்பதால் மூன்றாவது முடிச்சு போடப்போகிறவளும் அவள்தான்.

“ராஜா சமாதிம்மா. எத்தனையோ நூறு வருஷப் பழசு. தீட்டெல்லாம் எப்பவோ போயிருக்கும்.”

“தீட்டுக்கு எக்ஸ்பைரி டேட் போட்டிருக்கா? தாலிய வெச்சுக்கிட்டு நான் உள்ள வரமாட்டேங்க. பாப்பாவ வேற கூட்டிட்டுப் போறீங்க. பிளேன் ஏறுறதுக்குள்ள ரெண்டு பேரும் குளிக்கணும்.”

“ஏர்போர்ட்ல எங்கடி குளிக்கிறது?”

“அத உங்க ராஜாவக் கேளுங்க.”

ஐந்து வயது திவ்யாவும் நானும் உள்ளே போனோம். மெழுகுவத்தி வாசனை பட்டதும் கை தானாக ஷூவுக்குப் போனது. சாமி இருக்கிற இடம் அல்லவா? இருவருடையதையும் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன். வேறு யாரும் கழற்றவில்லை. அது அவர்கள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் பலிபீடம். அதைச் சுற்றி எதிர்ப்பக்கம் தெரியாதபடி தூண்களும் மரத்தடுப்பும். அதற்கும் வெளியே, கல்லறைகள் நிறைந்த சுற்றுப்பாதை. அசல் பிரகாரம். நாங்கள் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பி, பலிபீடம் வலக்கைப் பக்கம் இருக்க, வலமாகவே நடந்தோம். ஞாயிறுதோறும் நியூஜெர்சிக் கோயில் நெரிசலில் திவ்யாவுக்கு நான் சொல்லிவைத்த பாடம் ஒன்று உண்டு: “அப்பா கை விட்டுப்போச்சுன்னா அழக்கூடாது. வலமா சுத்திட்டே இரு. அப்பா வந்துடுவேன்.”

ராஜாக்களும் ராணிகளும் கைகூப்பிப் படுத்திருந்தார்கள், எல்லாம் கல்லில். ஒரு ராணியின் காலடியில் நாய்க்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது.

“டாகி!” என்றாள் திவ்யா.

அந்த நாயைப் படமெடுக்க அவள் கையை விட்டு மண்டியிட்டேன். ஃபிலிம் முடிந்து கேமரா கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. நிமிர்ந்தபோது நாய் இருந்தது. திவ்யா இல்லை.

முதலில் பதறவில்லை. அடுத்த ராணியிடம் இருப்பாள் என்று போனேன். இல்லை. அதற்கடுத்த ராஜாவிடமும் இல்லை. “திவ்யா” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். ஜெபம் செய்துகொண்டிருந்த அம்மாள் உதட்டில் விரல் வைத்தாள். ஒவ்வொரு கல்லறைக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தபடி ஒரு சுற்றை முடித்தேன். பிறகு யார் உதட்டில் விரல் வைத்தாலும் சரி என்று கத்தினேன். என் குரல் கூரையில் மோதி நாலாபக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. அதில் எங்கோ மெல்லிசாக “அப்பா” என்றும் கேட்டது போலிருந்தது. முன்னாலா, பின்னாலா, தெரியவில்லை. ஓடினேன், வலமாக.

ஓர் ஓரத்தில் பாதாள அறைக்குப் படி இறங்கியது. கீழே இருட்டு. அதில் அவள் விழுந்திருப்பாளோ? இறங்கித் தடவிப் பார்த்தேன். அங்கேயும் ராஜாக்கள்தான்.

காவலர் ஒருவர் வந்தார். சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் என்ன உடை என்று கேட்டார். பெற்ற மகள் என்ன போட்டிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை. செத்துப்போன ராணியின் நாய்க்கு எத்தனை கால் தெரிந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் என் சாக்ஸ் கால்களைப் பார்த்தார், வாசலில் காவல் நிற்கப் போனார். கதவை மூடும் நேரம் நெருங்கியது. வெளியே ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களில் யாராவது முன்பே அவளை... அந்த வாக்கியத்தை இன்றுவரை நான் முடித்ததில்லை.

கடைசியில் வெளியே போனேன். வசந்தி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பா இங்க வந்தாளா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். இரண்டு ஜோடி ஷூ. எழுந்தாள். தாலியும் கைப்பையுமாகச் சமாதிகளுக்குள் நுழைந்தாள். உள்ளே போனதும் வலப்பக்கம் திரும்பினாள்.

அப்போது நான் சொன்னதுதான் இந்த இருபது வருடங்களாக எங்கள் வீட்டில் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. சாவி தொலைந்தாலும், கார் நிறுத்திய இடம் மறந்தாலும், அந்த மூன்று முடிச்சோடு இரண்டு பிள்ளை பெற்றுச் சௌக்கியமாக இருக்கும் மைத்துனன் உட்பட எல்லோரும் கோரஸாக எனக்கு அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். பெற்ற பிள்ளையைக் காணோம், பின்னாலேயே ஓடிய நான் சொன்னேன்: “வசந்தி, அந்தப் பக்கம் போகாத. அது அப்பிரதட்சிணம்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. நாய்க்குட்டி ராணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வசந்தியின் செருப்புச் சத்தம் டக் டக்கென்று தூரமாய்ப் போனது. நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதே சத்தம் திரும்பி வந்தது. ஒரே ஒரு ஜோடிக் காலடி. தனியாக வருகிறாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

திவ்யாவின் ஷூ என் மடியில் இருந்த பையில் கிடந்தது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

கண்ணைத் திறந்தபோது என் முன்னால் திவ்யா சாக்ஸ் காலோடு நின்றாள், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு. முகம் முழுக்கச் சிவந்திருந்தது. அழவில்லை, அழக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் அல்லவா? அவள் ஓடி ஓடி என்னைத் தாண்டியபோதெல்லாம் எந்த ராஜாவுக்குப் பின்னால் நான் குனிந்திருந்தேனோ.

“நான் வலமாதான் சுத்தினேன், அப்பா,” என்றாள். “யூ டிட்ன்ட் கம்.”