வெட்டாத வாவியைத் தேடியவர்

"ஆதாரம் இல்லாமல் இந்தக் கை ஒரு கையெழுத்தும் போட்டதில்லை, இனிப் போடவும் மாட்டாது!" என்று திருவாளர் உதயரூபன் தம் வலக்கையைத் தூக்கிக் காட்டியது, அவருக்குச் சிரேஷ்ட பொருளியலாளர் பதவி கிடைத்ததற்காக மட்டக்களப்பு நகரத்தில் நடந்த பாராட்டு விழாவில். சபை கைதட்டியது. முன்வரிசையிலிருந்த மனைவி கேதீஸ்வரி மட்டும் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வாசகரே, சிரேஷ்ட பொருளியலாளர் என்பது ஓர் உத்தியோகம் என்று இதுவரை நீங்கள் நினைத்திருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். அது ஓர் இனம். மற்ற அலுவலகங்கள் செய்யும் வேலையைச் செய்யலாமா, செய்தது சரியா, செய்யாமலே விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று பார்ப்பதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் கண்காணிப்பு அலுவலகங்களில், குளிரூட்டி நேராக முகத்தில் அடிக்கும் அறைகளில், இது செழித்து வளர்கிறது. மழை பெய்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஜன்னல் பக்கம் திரும்பாது. "எந்த நிலையத்துத் தரவு?" என்று கேட்கும். குழம்புக்கு உப்புக் காணுமா என்று வீட்டில் கேட்டால், சாப்பிட்டவர்களில் எத்தனை வீதத்தினர் காணாது என்றார்கள் என்று கேட்கும். சாப்பிடுவதோ இரண்டே பேர். கண்ணால் கண்டவன் வந்து சொன்னால் அது வெறும் கதை. அதே கதையை ஐந்நூறு பேரிடம் படிவத்தில் எழுதி வாங்கி, நாலு நிறத்தில் வட்டப்படம் போட்டால் அது கண்டறிதல். எந்தக் கண்டறிதலின் கடைசி வரியும் ஒன்றுதான்: மேலும் ஆராயப்பட வேண்டும்.

சென்ற மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாரியில் வாவி முட்டினால், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருஷா வருஷம் சண்டை. வயல்காரர் இன்றைக்கே என்பார்கள். மீன்பிடிக்காரர், இறாலெல்லாம் கடலுக்கு ஓடிவிடும், பொறுங்கள் என்பார்கள். இம்முறை மூன்றாவதாக ஒரு தரப்பும் சேர்ந்துகொண்டது. இப்படியான அவசர வேலைகளுக்கு உதயரூபனின் கையொப்பமும் வேண்டுமென்று புதிதாக ஒரு சுற்றறிக்கை. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் முகத்துவாரத்தில் வந்து நின்றுவிட்டது. கையொப்பம் வரவில்லை.

மண்டூரிலிருந்து பெரிய வயல்காரர் சாமித்தம்பிப் போடியாரும், பெரியகல்லாறு மீனவர் சங்கத்து அழகரத்தினமும் சாரனை மடித்துக் கட்டியபடி ஒரே ஓட்டோவில் வந்து அவர் முன்னால் நின்றார்கள்.

"சேர், வயல் வட்டை முழுக்கத் தண்ணி," என்றார் போடியார். "நாப்பது நாள் வெள்ளாமை. இன்னும் ரெண்டு மூணு நாள் கிடந்தா அழுகிப் போயிரும்."

"எத்தனை சென்றிமீற்றர்?"

"என்ட இடுப்பளவு சேர்."

"போடியார், உங்கட இடுப்பு ஒரு அலகு இல்லையே."

"அப்ப என்ட இடுப்பையும் சேத்துக்கொள்ளுங்க," என்றார் அழகரத்தினம். "ரெண்டுக்கும் சராசரி எடுக்கலாம்."

உதயரூபன் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "நீங்க மீன்பிடி. வெட்ட வேணாம் எண்டல்லவா நீங்க சொல்லோணும்?" என்றார்.

"வழமையா ஓம் சேர். இந்த முறை மீன் வீட்டுக்குள்ளயே வந்திட்டு. வெட்டுங்க."

"எதிரெதிர்த் தரப்பு ரெண்டும் ஒரே பதில் சொன்னா, தரவில ஏதோ கோளாறு."

அதைச் சிவப்பில் எழுத வேண்டியிருந்தது. எழுதுவினைஞர் டெக்ஸ்டர் சிவப்புப் பேனா கொண்டுவந்து கொடுத்தார்.

"இப்ப பாருங்க," என்று பொருளியலாளர் கனிவோடு விளக்கினார். "வெட்டினதாலதான் நன்மை எண்டு எப்படி நிரூபிக்கிறது? இதே மழை பெய்த, இதே அளவான, வெட்டாத வாவி ஒண்டு வேணும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் தெரியும்."

போடியார் அழகரத்தினத்தைப் பார்த்தார். அழகரத்தினம் கூரையைப் பார்த்தார்.

"வெட்டாத வாவியா சேர்? கீழ இறங்கி றோட்டைத் தாண்டினா ஒண்டு கிடக்கு."

"அது சரிவராது போடியார். அது வெட்டப்போற வாவி."

இரண்டாம் நாள் ஓர் உபகுழு பிறந்தது. மூன்றாம் நாள் வினாக்கொத்துத் தயாரானது. வெள்ளம் குறித்த உங்கள் திருப்தி: மிக நன்று, நன்று, நடுநிலை. வீதிகள் மூழ்கிக் கிடந்ததால் அதைக் கொண்டு போக ஒருவராலும் முடியவில்லை. ஆகவே, பாதிக்கப்பட்டதாக எவரும் பதிலளிக்கவில்லை என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது. நான்காம் நாள் காலை போடியார் தொலைபேசி எடுத்தார்.

"சேர், பயிர்ட நுனி மட்டுந்தான் தெரியுது."

"நுனி தெரியுதெண்டா நல்ல அறிகுறிதானே."

அன்று பதினொரு மணிக்கு, உபகுழுக் கூட்டத்தின் நடுவே, கேதீஸ்வரி அழைத்தார்.

"இஞ்சேருங்க, நம்மட வாகனத்துக்குள்ள தண்ணி ஏறுது. சீற்றுக்குக் கிட்ட வந்திட்டு."

அரச உத்தியோகத்தருக்கான வரிச்சலுகைப் பேமிற்றில் எடுத்த புது வாகனம். ஆசனத்துப் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை; மழையில் நனையக்கூடாதென்று வாகனத்தை வீட்டில் விட்டு அலுவலக ஜீப்பில் வந்திருந்தார். எத்தனை சென்றிமீற்றர் என்று இப்போது அவர் கேட்டாரா? இல்லை. எந்த நிலையத்துத் தரவு என்று கேட்டாரா? இல்லை. வெள்ளம் ஏறாத இன்னொரு வாகனத்தோடு ஒப்பிட வேண்டுமென்றாவது ஒரு வார்த்தை?

"டெக்ஸ்டர்! முகத்துவாரக் கோவையைக் கொண்டாங்க!"

"சேர், ஆய்வு முடியல்லியே..."

"கொண்டாங்க ஐசே!"

பெக்கோ பகல் பன்னிரண்டுக்கு மணலில் கை வைத்தது. மறுநாளே வாவி இறங்கியது. போடியாரின் மேட்டு வயல் தலை தூக்கியது. பள்ளத்து வயல் அழுகிவிட்டது. தாம் வந்து சொன்ன அன்றைக்கே வெட்டியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்கிறார் அவர். வெறும் கதை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கூரை ஒழுகுது என்று வந்து நின்றபோது "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தம் தலையில் முதல் துளி விழுந்ததும் மேசனுக்குத் தொலைபேசி எடுத்தவர் யார் என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்த வாரம் கோவையை மூடும்போது, ஒரு கட்டம் வெறுமையாகக் கிடப்பதை டெக்ஸ்டர் கண்டார்.

"சேர், ஆதாரம் எண்ட இடத்தில என்ன போட?"

உதயரூபன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பேனாவை வாங்கி, பொடி எழுத்தில், தாமே எழுதினார்: கள அறிக்கை, தொலைபேசி மூலம். பதிலளித்தோர் தொகை: ஒன்று.