ரத்த ஜோசியரின் மஞ்சள் தண்ணீர்

கீரமங்கலம் கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம். கூட்டம் அலைமோதியது. ரத்தம் கொடுக்கவா? அட, ரத்த ஜோசியர் ஆவுடையப்பனைப் பார்க்க! நல்ல ரத்தமா, தோஷ ரத்தமா என்று அவர் சொன்னால்தான் ஊசிக்குக் கை நீட்டுவோம் என்று ஊர் அடம்பிடித்தது. முகாம் நடத்தியவர்களே அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் உள்ளே, ஜோசியர் வாசலில். என்ன பொருத்தம்!

ஜோசியர் கையைப் பிடித்து முணுமுணுப்பார். பிறகு அந்தக் கையை மஞ்சள் தண்ணீரில் முக்கச் சொல்வார். தண்ணீர் சிவந்தால் தோஷம். தாயத்து வாங்கியாக வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குச் சிவந்தது. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தி கரைக்கிற பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

வரிசையில் பிரவீன்குமார் வந்தான். மறுநாள் அவன் அக்காவுக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவன் கை பட்டதும் தண்ணீர் சிவந்தது. அவன் பார்வையோ ஜோசியரின் விரலிடுக்கில் இருந்தது.

"சாமி, ரெண்டு பேரும் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வருவோம். அப்புறம் இன்னொருக்கா என் கையப் பிடிங்க."

ஜோசியர் மழுப்பினார். கூட்டம் விடவில்லை. கழுவிய பிறகு, புதுத் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

"விரல்ல சுண்ணாம்புங்க. நீங்க கரைக்கிற ஆரத்திதான் இது," என்றான் பிரவீன், அந்தப் பெண்களைப் பார்த்து. ஊரே சிரித்தது, கைதட்டியது. ஜோசியர் ஆலங்குடி பஸ்ஸைப் பிடித்தார். டாக்டர் பிரகதீஸ்வரியே வெளியே வந்து, இப்படி யோசிக்கிறவர்கள்தான் நாட்டுக்கு வேண்டும் என்று பாராட்டி அவனைத் திரைக்கு உள்ளே அழைத்துப்போனார்.

வழக்கமான கேள்விகள். ஆண்களோடு உறவு உண்டா என்பதும் அதில் ஒன்று. பொய் சொல்லியிருந்தால் படுக்க வைத்து ரத்தம் எடுத்திருப்பார்கள். அவன் உண்மையைச் சொன்னான்: பல வருஷமாக ஒரே துணை, அவரும் ஆண்.

டாக்டரின் முகம் மாறியது. "ரூல் தம்பி. ஆயுசுக்கும் ஒங்ககிட்ட எடுக்க முடியாது. எச்.ஐ.வி. மாதிரி தொற்று புதுசா ஒட்டியிருந்தா டெஸ்ட்ல தெரியாமப் போயிரும்."

"அப்ப புதுசா யார்கூடப் பழகுனீங்கன்னு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேளுங்க, அதப் பாத்து ஒதுக்குங்க. நான் யாருன்னு பாத்து ஏன் டாக்டர் ஒதுக்குறீங்க?"

டாக்டர் படிவத்தை மூடி வைத்தார். விதியை எழுதியவர் அவரில்லையே.

மண்டபத்தில் திரைக்கு இந்தப்பக்கம் காதில்லாமலா போகும்? அவன் வெளியே வந்தபோது, கைதட்டிய கூட்டம் விலகி வழிவிட்டது. ஆரத்தி கரைக்கிற மூக்காயி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "பாத்தியா, சாமி சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அக்காவுக்கு ரத்தம் கொடுக்க யாராவது வருகிறீர்களா என்று பிரவீன் கேட்டான். நல்ல ரத்தக்காரர்கள் எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பெரியோர்களே. சுண்ணாம்பு அந்த ஜோசியரின் விரலில் மட்டும்தானா இருந்தது?