மேஸ்திரியின் நிகர எடை

திருவொற்றியூர்
வெள்ளிக்கிழமை

மாதவரம் அண்ணி பச்சையம்மா அவர்களுக்கு, உங்கள் தம்பி பகலவனின் மனைவி சங்கமித்ரா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் டில்லிபாபு அண்ணனும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் இந்த வருட மழையை வானிலைக்காரர்களுக்கு முன்பே அறிவித்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். மேஸ்திரியும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். பூனையிடம் கேட்பது சுலபம். அடுத்து உங்களிடம் கேட்க வேண்டும். ஃபோனில் சொன்னால் நீங்கள் நடுவில் "அப்பால?" என்பீர்கள், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் இருபது வருடத்துக்குப் பிறகு தபால் உறை வாங்கியிருக்கிறேன்.

மே மாதம் அவருடைய முதல் வருட நினைவு நாளுக்கு நீங்கள் வந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர், சோபாவில் அவர் உட்காரும் இடத்தில் மேஸ்திரி கிடந்த கிடையைப் பார்த்து நின்றுவிட்டீர்கள். எண்ணூர் யார்டில் காலி கண்டெய்னருக்குள் கத்திக்கொண்டிருந்ததை அவர் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்த பூனை அது. தான் ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் செய்வதை மேற்பார்வை பார்ப்பதால் மேஸ்திரி என்று பெயர் வைத்தவரும் அவரே. சட்டைப் பையில் வந்தது இப்போது சோபாவில் ஒரு ஆள் இடத்தை அடைத்திருந்தது. நீங்கள் சொன்னீர்கள்: "என் தம்பிய தின்ன வுட்டு வேடிக்க பாத்த. நூத்திநாலு கிலோ ஏறி நெஞ்சப் புடிச்சிக்கினு போய்ட்டான். இதையும் அதே மாரி அனுப்பிடாத." பிறகு பாயசம் குடித்தீர்கள். எனக்கு அன்றிலிருந்து பாயசம் இறங்கவில்லை என்று எழுதினால் மிகையாக இருக்கும். ஆனால் அப்படித்தான்.

மறுநாளே அவனைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் டாக்டர் ஜெமிமாவிடம் போனேன். சின்னப் பெண், அதிராமல் பேசுகிறவர். ஏழு கிலோ இருநூறு, ஐந்துக்கு வர வேண்டும், ஆனால் பட்டினி மட்டும் போடக்கூடாது, பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் ஈரல் கெட்டுவிடும், வாரத்துக்கு நூறு கிராம் இறங்கினால் போதும் என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி என்று அளந்து காட்டினார். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டச் சொன்னார். தீனியைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் ஏறி இறங்கிச் சாப்பிடுவான், அதுவும் உடற்பயிற்சி என்றார். எல்லாவற்றையும் ஆபீஸ் டைரியில் எழுதிக்கொண்டேன்.

அண்ணி, விளையாட்டு என்றால் என்ன தெரியுமா. ஒரு பந்தை உருட்டிவிடுவேன். அது போவதை அவன் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். நான் போய் எடுத்து வருவேன். மறுபடி உருட்டுவேன். பத்து நிமிடத்தில் நாற்பது தடவை கட்டிலுக்கடியில் குனிந்து எழுந்தவள் நான். நூலில் கட்டிய இறகை இழுத்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் ஓடுவேன், அவன் தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவான், கழுத்துக்குப் பயிற்சி என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். தீனியைப் பரண்மேல் வைத்தேன். அவன் கீழே உட்கார்ந்து கத்தினான். ஒரு மணி நேரம் கத்தினான். மாடிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறித் தீனியை இறக்கி அவன் முன்னால் வைத்தேன். இது தினமும் இரண்டு வேளை.

இதற்கு நடுவில் கீழ்வீட்டு பவுனம்மாள். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கிறவர், உங்களுக்குத்தான் தெரியுமே, உங்கள் தம்பி இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் வஞ்சிரம் கொடுப்பாரே. நான் காய் வாங்கப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினால், மேலே வரும்போது கத்தரிக்காய்க்கு அடியில் கவளை மீன் நான்கு இருக்கும். நான் பையைப் பிரிப்பதற்குள் மேஸ்திரி பிரித்துவிடுவான். ஒருநாள் இறங்கிப் போய்க் கேட்டேன். "இன்னாமே, வாயில்லா சீவன இப்டி அளந்து அளந்து போட்டுகினு கீற? புருசன் போனது உனக்கு. அதுக்கு இன்னாத்துக்கு விரதம்?" என்றார். தெருவில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் மேலே வந்து கூடையைக் கயிற்றோடு அவிழ்த்து வைத்துவிட்டேன். அதிலிருந்து காய்க்கும் மூன்று மாடி இறங்கி ஏறுகிறேன்.

எடை பார்ப்பது ஞாயிறு காலை, முனைக் கடை ஹபீபுல்லாவிடம். பழைய பேப்பர் நிறுக்கும் மேடைத் தராசு. மேஸ்திரியைத் தனியாக ஏற்றினால் நிற்க மாட்டான், இறங்கிப் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் போய்விடுவான், அவனை வெளியே எடுக்க ஹபீபுல்லா ஒரு மாதத்துச் செய்திகளைக் கலைக்க வேண்டும். அதனால் முதல் ஞாயிறு நான் மட்டும் ஏறினேன்: அறுபத்தொன்று. பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்: அறுபத்தெட்டு இருநூறு. கழித்தால் ஏழு இருநூறு, டாக்டர் சொன்ன அதே எடை. எனக்குப் பெருமையாக இருந்தது. பத்தொன்பது வருடமாகத் துறைமுகத்தில் இதே வேலையைத்தானே செய்கிறேன். லாரியோடு சேர்த்து மொத்த எடை, லாரியின் காலி எடை, கழித்தால் சரக்கின் நிகர எடை. அடுத்த வாரத்திலிருந்து அவனோடு சேர்ந்து மட்டும் ஏறினேன். என் எடை எனக்குத்தான் தெரியுமே.

வாரா வாரம் இறங்கியது அண்ணி. அறுபத்தெட்டு, அறுபத்தேழு தொள்ளாயிரம், அறுபத்தேழு எண்ணூறு. பார்க்க அவன் அப்படியேதான் இருந்தான். அது முடி, மழைக்காலத்துக்கு அடர்த்தியாக வளர்கிறது என்று நினைத்தேன். தூக்கும்போது கனமாக இருந்தது. என் கைதான் சோர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். "ஆடாம நில்லுக்கா," என்பார் ஹபீபுல்லா, "பூனை சூப்பரா எறங்கிகினே வருது. எங்க வூட்டம்மாவையும் ஒரு மாசம் உன்னாண்ட வுடட்டுமா?" கடையிலிருந்தே உங்களுக்கு வாட்ஸப்பில் எண்ணை அனுப்புவேன். நீங்களும் காத்திருந்து கேட்பீர்கள். இருபத்திரண்டு வாரம், ஒரு ஞாயிறு தவறவில்லை. நம் இருவருக்கும் பேச வேறு ஒன்றும் இல்லாமல் போயிருந்ததால், எனக்கு அந்த எண் ஒரு கடிதம் மாதிரி இருந்தது.

போன ஞாயிறு சரியாக அறுபத்தாறு. ஐந்து கிலோ வந்துவிட்டான் என்று அனுப்பினேன். நீங்கள் உடனே கூப்பிட்டீர்கள். "கெட்டிக்காரிடி நீ. அன்னிக்கு வாயில வந்தத பேசிட்டேன். நீ அவன நல்லாத்தான் பாத்துகினு இருந்த. எனக்குத் தெரியும். மனசுல வெச்சிக்காத," என்றீர்கள். நான் ஹபீபுல்லாவின் கடை வாசலிலேயே பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

புதன்கிழமை மாலை ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மேஸ்திரியோடு டாக்டர் ஜெமிமாவிடம் போனேன். அவர் அவனைத் தூக்கி எடை மேசையில் வைத்தார். எட்டு கிலோ நூறு. தராசு சரியில்லை டாக்டர் என்றேன். அவர் அவனை இறக்கிவிட்டு ஐந்து கிலோ தீனி மூட்டை ஒன்றை வைத்துக் காட்டினார். ஐந்து கிலோ.

"நீங்க எப்படி எடை போட்டீங்க?"

"மொத்த எடையிலருந்து காலி வண்டி எடையக் கழிச்சேன்."

"காலி வண்டி யாரு?"

"நான்தான்."

"காலி வண்டிய எப்ப எடை போட்டீங்க?"

"மே மாசம்."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. லாரிக் கதவில் எப்போதோ எழுதிய காலி எடையை நம்பிக் கையெழுத்துப் போட்ட புது ஆட்களை எங்கள் ஆபீசில் எத்தனை பேரை நான் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். வண்டி நேற்று இருந்த வண்டி இல்லை, ஒவ்வொரு தடவையும் காலியாக ஏற்றிப் பாருங்கள் என்று சொன்னவள் நான். டாக்டர் என்னைப் பெரிய நாய்களை நிறுக்கும் மேடையில் ஏறச் சொன்னார். ஏறினேன். ஐம்பத்தேழு தொள்ளாயிரம்.

"பூனை வேற என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, நீங்கள் அளந்து கொடுத்ததுதான், மீன்கூட ஜூனோடு நின்றுவிட்டது என்றேன். "உங்க தட்டிலருந்து?" என்றார். "அது என் சாப்பாடுங்க. அது அவன் அளவுல வராது," என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அண்ணி, இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன். குறைத்து வைக்கக் கை வருவதில்லை. ராத்திரி தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவேன், இரண்டு வாய்க்கு மேல் போகாது. மேஸ்திரி எதிர் நாற்காலியில் ஏறி உட்காருவான். எதிரில் ஒருவர் சாப்பிட்டால் எனக்கு அந்த நேரம் கடந்துவிடும். பிசைந்து பிசைந்து அவனுக்கு வைத்துவிடுவேன். இதை நான் மறைக்கவில்லை. இது ஒரு செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர், "உங்க எடை இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்றார். உங்கள் தம்பியின் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் குடும்பத்தையும் பார்த்தார்கள், அவர் போவதற்கு இரண்டு மாதம் முன்பு. அவர் நூற்று நான்கு, நான் அறுபத்தாறு. "அப்பால நீங்க எப்ப டாக்டரப் பாத்தீங்க?" "உங்களத்தான் பாத்துட்டே இருக்கேனே." "அக்கா, நான் மாட்டு டாக்டர்," என்றார். அப்போதுதான் நாங்கள் இருவரும் சிரித்தோம். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று ஏதோ எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மைசூர்பாகை முதலில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார், பிறகு பாதியை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போது மேஸ்திரி என் மடியில் கிடந்தான். மணலி சாலையில் டிரெய்லர் வரிசை நகரவில்லை. கழித்துப் பார்க்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் இருந்தபோது நான் தனியாக அறுபத்தாறு. இப்போது நானும் பூனையும் சேர்ந்து அறுபத்தாறு. நான் இழந்தது சரியாக ஒரு மேஸ்திரி.

ஆக, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தை தவறான எண்ணுக்குக் கிடைத்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். மே மாதம் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. என் வீட்டில் யார் இருந்தாலும் எடை ஏறுகிறது, நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரையும் போதும் என்று சொல்லித் தடுத்திருக்கலாம். சாப்பிடுகிற மனுஷனைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை அண்ணி, அவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவார்.

மேஸ்திரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு நீங்கள் கேட்டபோது மறுத்தேன், இப்போது நானே சொல்கிறேன். மாதவரத்தில் உங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, டில்லிபாபு அண்ணன் அதட்டினால் எருமைகூட ஓடும். வரும் ஞாயிறு கூடை ஒன்று எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப் போங்கள். அவன் துணி, தட்டு, டாக்டரின் சீட்டு எல்லாம் தனிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. படி ஏறி இறங்கியதிலும் பந்து பொறுக்கியதிலும் இளைத்திருக்கிறேன், இந்த வயதில் நல்லதுதான். ஆபீசில் வேலையும் அதிகம், நின்று யோசிக்க நேரமில்லை.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மறக்க வேண்டாம். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நெடுநாள் திடமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

என்றும் உங்கள் வீட்டு மருமகள்,
சங்கமித்ரா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், நாளையே உங்களுக்குக் கிடைத்துவிடும். கூடை வேண்டாம். கட்டி வைத்த பையை அவிழ்த்துவிட்டேன். அவனைக் கொடுக்க என்னால் ஆகாது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று மேலே எழுதியதும் பொய். இரண்டு மாதமாக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன், அதை எடை கூடிய பூனையின்மேல் போட முடியாது, அவனைத் தூக்காத நாளிலும் வாங்குகிறது. திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அவரைக் கடைசியாகச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போய் என்னைக் காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாசலுக்குள் நுழைய எனக்குப் பயமாக இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள். நீங்கள் வந்தால் வெளியே பூக்கடைப் பக்கம் நிற்பேன். வராவிட்டாலும் உள்ளே போய்விடுவேன்.

— ச.