பதினொரு வருடக் கோபத்துக்கு ஓர் உளவளத்துணையாளர் தேவை

பதுளை,
22.10.2005

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க வேண்டுமென்பது என் விருப்பம். இந்த இடத்தில் நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுத மாட்டேன், ஏனென்றால் நலமில்லை. அதற்குத் தங்கள் பத்திரிகையும் ஒரு காரணம்.

ஓகஸ்ட் இருபத்தெட்டாந் திகதி இதழின் மனநலப் பகுதியில் தாங்கள் வெளியிட்ட வாசகத்தை வெட்டி வைத்திருக்கிறேன். "துயரமோ பதற்றமோ வாழ்க்கைச் சவால்களோ உங்களை வாட்டினால், தயங்காமல் உங்கள் பகுதியிலுள்ள உளவளத்துணையாளர் ஒருவரை நாடுங்கள்." நாடினேன், ஐயா. இரண்டு மாதமாக நாடிக்கொண்டே இருக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு "உங்கள் பகுதி" என்று எழுதுவதற்கு ஒன்றரை அங்குல இடம் போதும். ஊவா மலையில் அதைச் செய்து பார்ப்பதற்கு மூன்று பஸ், இரண்டு குடை, கொஞ்சநஞ்ச மானம் எல்லாம் செலவாகின்றன.

நான் ஐம்பத்து நான்கு வயதுக் கணித ஆசிரியன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடமாகப் பதுளையில் படிப்பிக்கிறேன். 1994இல் பாடசாலை அதிபர் பதவி என் வாசல்வரை வந்து இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்தது. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. விரித்தால் தாங்கள் தனி இணைப்பிதழ் போட வேண்டிவரும். பசார் வீதியில் புடைவைக் கடை வைத்திருந்த மொஹிதீன் முதலாளியின் மேல்மாடியில் நானும் என் மனைவி யோகம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். பதவி போன செய்தி வந்த அன்று, அதாவது மே மாதம் மூன்றாந் திகதி காலை பத்து இருபதுக்கு, நான் கடையைத் தாண்டிப் போகையில் மொஹிதீன் முதலாளி சீத்தைத் துணி அளந்துகொண்டே சொன்னார்: "சேர், கவலப்பட வாணாம். நீங்க அதிபரா வந்தா அந்த ஸ்கூல்ல சுவர் மட்டுந்தான் மிஞ்சும்." கடையில் நின்ற நால்வரும் சிரித்தார்கள். ஒரு அம்மா சிரித்த சந்தோஷத்தில் இன்னும் ஒரு யார் துணி வாங்கினார். அன்று அவரோடு பேச்சை நிறுத்தினேன். பதினொரு வருடம் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, சும்மா இருந்தோம் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. எங்கள் படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் அவருடைய கடைக்குள் இருந்தது. நான் டியூஷன் முடிந்து வந்து ஏழாவது படியில் கால் வைக்கும்போது, சரியாக, அவர் விளக்கை அணைப்பார். நான் மேலே போய்க் கதிரையை அவர் தலைக்கு நேரே இழுத்துப் போடுவேன். தங்கள் பத்திரிகையை வாங்கியவர் அவர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அது மேலே வரும். குறுக்கெழுத்துப் போட்டியை அவர் பேனாவால், முழுக்கப் பிழையாக, நிரப்பியிருப்பார். நான் சிவப்பு மையால் திருத்தி, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, கீழே அனுப்புவேன். ஒருமுறை நாற்பத்தொன்று எடுத்தார். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ஓகஸ்ட் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் யோகம்மா ஜன்னலடியில் நின்று கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, கீழ ஒரே சனம். மொஹிதீன் முதலாளி மோசம் போட்டாராம்." நான் சொன்னேன்: "எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே." எங்கள் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். கதைபேச்சு இல்லாத வீட்டில் சாவு விழுந்தால், அவர்கள் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும், நாங்கள் ஒருமுறை முகத்தைத் திருப்ப வேண்டும், அதற்குப் பிறகு போக வேண்டும். எங்கள் செத்த வீடுகளில் இதற்கெல்லாம் தாராளமாக நேரம் உண்டு. கனடாவிலிருந்து பிள்ளை வரவேண்டும், பறை வரவேண்டும், கொள்ளி யார் வைப்பது என்று இரண்டு பகுதி சண்டை பிடிக்க வேண்டும். ஆகவே நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கசங்காமல், மாடியில் ஆள் வரும்வரை காத்திருந்தேன். "போட்டு வாங்கோவன், செத்த மனுசனோட என்ன வீம்பு?" என்றாள் யோகம்மா. "முறை எண்டு ஒண்டு இருக்கு" என்றேன். ஒருவரும் வரவில்லை. சரி, நாளைக்கு நானாகவே பெருந்தன்மையாகப் போவோம் என்று முடிவு செய்து, மலர்வளையம் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் பத்து மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், அவருடைய மகன் ஷாமில் வாசற்படியைக் கழுவிக்கொண்டிருக்கிறான். "சேர், நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகைக்கே அடக்கிட்டமே" என்றான். அவர்கள் மையித்தை, அதாவது பிரேதத்தை, வைத்திருப்பதில்லை, மலர்வளையமும் வைப்பதில்லை என்பது இருபத்தாறு வருடம் முஸ்லிம் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு அந்த நிமிடந்தான் ஞாபகம் வந்தது.

வளையத்தை வீட்டுக்குள் கொண்டுவர யோகம்மா விடவில்லை. மூன்று நாள் அது படிக்கட்டுக் கம்பியில் தொங்கியது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் இறந்தது நான்தான் என்று நினைத்து, ஒரு நாள் சந்தோஷமாக விடுமுறை எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் தாங்கியிருப்பேன். ஷாமில் கழுவுகிற தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று சொன்னான். "ஜனாஸாத் தொழுகைக்கு முந்தி நான் எழும்பி, வாப்பாவால யாருக்காவது மனஸ்தாபம் ஈந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்கோன்டு கேட்டன் சேர். எல்லாரும் சேரைத்தான் திரும்பித் திரும்பித் தேடினாங்க." முழுப் பள்ளிவாசல் முற்றமும் என்னைத் தேடியிருக்கிறது, ஐயா. அந்த நேரம் நான் மாடியில் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "இப்பயாவது மன்னிச்சேன்டு ஒரு சொல்லு சொல்லிடுங்கோ சேர். வாப்பா அந்த மனஸ்தாபத்தோடதானே போயிருக்கார்" என்றான். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை காலையில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலாவது கோபப்படலாம். போதாததற்குப் படிக்கட்டு விளக்கை எனக்காக அணைக்காமல் வைத்திருக்கிறான். பதினொரு வருடம் இருட்டில் தடுக்காத நான் இப்போது வெளிச்சத்தில் ஏழாவது படியில் தடுக்கி விழுகிறேன். தங்கள் பத்திரிகை வெற்றுக் கட்டங்களோடு மேலே வருகிறது. சாப்பாடு இறங்குவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சுண்ணக்கட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த நிலையில்தான் தங்கள் ஒன்றரை அங்குலத்தை வாசித்தேன். முதலில் போனது டொக்டர் இரகுநாதனிடம். எங்கள் ஊர் மனிதர். நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டு, "இழப்பு ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார். நடந்தது என்றேன். "ஆர், சொந்தமோ?" "எதிரி." குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, "அப்ப வாழ்த்துக்கள்" என்று விற்றமின் குளிசை எழுதித் தந்தார்.

அடுத்து, என்னோடு படிப்பிக்கும் லத்தீப் மாஸ்டர், ஹல்துமுல்லையில் மனக்கவலைக்கு ஆலோசனை சொல்லும் கெட்டிக்காரர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். மழையில் பஸ் ஏறிப் போனேன். பலகையில் "வாழ்க்கைச் சவால்களுக்கு ஆலோசனை" என்றுதான் இருந்தது. உள்ளே போனால் சாத்திரியார். திரும்பி வர அடுத்த பஸ் இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் என்பதால் உட்கார்ந்தேன். "கவலைக்குக் காரணமானவரு பொறந்த தேதி, நேரம் சொல்லுங்க" என்றார். மொஹிதீன் முதலாளி பிறந்த திகதி எனக்கு எப்படித் தெரியும்? அவர் சம்பந்தமாக எனக்கு மனப்பாடமான திகதி ஒன்றே ஒன்று. 1994 மே மூன்று, காலை பத்து இருபது. அதைச் சொன்னேன். அவர் கட்டம் போட்டு, விரலில் எண்ணி, முகம் மலர்ந்து சொன்னார்: "புள்ளைக்குப் பதினொரு வயசு முடிஞ்சிருச்சுங்க. கொஞ்சம் வீம்புக்காரப் புள்ள. ஆனா ஒங்க மேல உசிரையே வச்சிருக்கு. பயப்படாதீங்க, ஆயுசு கெட்டி. எம்பது வயசு வரைக்கும் ஒன்னும் ஆகாது." பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். என் கோபத்துக்கு எண்பது வயதாகும்போது எனக்கு நூற்றிருபத்து மூன்று.

மூன்றாவதாகத்தான் உண்மையான உளவளத்துணையாளர் ஒருவரைக் கண்டேன். போன டிசம்பரில் கடல் கொந்தளித்த பிறகு நாடு முழுக்க இதற்கு ஆட்களைப் பயிற்றுவித்தார்களே, அப்படிப் பயின்ற ஒருவர் புதன்கிழமைகளில் ஒரு தொண்டு நிறுவனத்து அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தது கிஷாந்தன்! எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன்; நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்தவன். "சேர்! வாங்க சேர், உக்காருங்க சேர்!" உட்கார்ந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நீயும் இரு" என்றேன். "வர்றவங்க கண்ணு மட்டத்துலதான் நாங்க உக்காரணும்னு படிச்சுக் குடுத்தாங்க சேர். ஆனா ஒங்க முன்னால முழங்கால் மடங்க மாட்டேங்குது." வேறு வழியில்லாமல் நானும் எழுந்தேன். இரண்டு பிரம்புக் கதிரைகளை நடுவில் வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் இருவரும் நின்றோம். "நீ என்னோட கோபமோ?" என்று கேட்டேன். "ஐயோ இல்லைங்க சேர். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சீங்க, ஆறு தடவதான்." எண்ணி வைத்திருக்கிறான். பன்னிரண்டு புள்ளி குறைவோ என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

நான் கதையைச் சொன்னேன். அவன் பேசாமல் நின்றான். வகுப்பிலும் இப்படித்தான் பேசாமல் நிற்பான், விடை தெரியாமல். இங்கே அதற்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். மலர்வளையம் கம்பியில் தொங்கிய இடம் வந்தபோது எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. அவன் கடதாசிப் பெட்டியை நீட்டினான். தடிமன், மூக்கு வடிகிறது என்றேன். "ஆமாங்க சேர், இந்தப் பக்கம் ரொம்பப் பேருக்குத் தடிமன்" என்றான். பிறகு கேட்டான்: "அவங்க மகன் கேட்ட மாதிரி மன்னிச்சிட்டா என்னங்க சேர் ஆகும்?" "முடிஞ்சுபோகும்" என்றேன். "என்னங்க சேர் முடியும்?" என்றான்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு மாணவனின் கேள்விக்கு விடை தெரியாமல் நான் வெளியேறியது அன்றுதான். குடையையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒன்று அந்தப் பகுதியை நிறுத்துங்கள். அல்லது என்னிடம் படிக்காத, ஜாதகம் கேட்காத, வயதில் என்னைவிட மூத்த ஒருவரைப் பதுளைக்கு அனுப்புங்கள். அதுவரை இந்தப் பகுதியில் உளவளத்துணையாளர் என்று சொல்லத்தக்க எவரும் இல்லை என்பதை இதனால் அறியத் தருகிறேன். தங்கள் குடும்பத்தாருக்கு என் அன்பும், குறுக்கெழுத்துத் தயாரிப்பவருக்கு என் ஆசியும். தங்களுக்கு எதிரிகள் இருந்தால் அவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்க எல்லாம்வல்ல இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,

பி.கு.: மேலே உள்ளது சனிக்கிழமை எழுதியது. முத்திரை இல்லாததால் நின்றுவிட்டது. இன்று வியாழன். இடையில் சில காரியங்கள் நடந்துவிட்டன.

ஞாயிறு பின்னேரம் கீழேயிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. இறைச்சி போடாமல் எங்களுக்கென்று தனியாகக் காய்ச்சுவார்கள். சண்டை நடந்த பதினொரு வருடமும் வந்ததாம், பெண்கள் சண்டையில் சேரவில்லையாம். யோகம்மாவுக்கு முழங்கால் வலி. "பாத்திரத்தை நீங்கள் குடுத்திட்டு வாங்கோ. வெறுமையாக் குடுக்காதேங்கோ, ஏதாவது வச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். குசினியில் எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. வெறும் பாத்திரத்தோடு இறங்கினேன். ஷாமில் கல்லாவிலிருந்து எழுந்து நின்றான். "தம்பி, இதுக்குள்ள வைக்க ஒண்டும் ஆப்பிடேல்லை" என்றேன். "பரவால்ல சேர்." "மன்னிச்சிட்டன்" என்றேன். "பாத்திரத்துக்கு என்னத்துக்கு சேர் மன்னிப்பு..." "பாத்திரத்தை இல்லையடா. உன்ர வாப்பாவை."

அவன் பாத்திரத்தோடு உள்ளே ஓடினான். தாய் ரஹ்மத்தும்மா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருப்பதால் வெளி ஆண்கள் முன் வர முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் மட்டும் கேட்டது. "சேர்ட்ட சொல்லு மகன், அவங்களும் மன்னிச்சிட்டுத்தான் மௌத்தாகினாங்க. சேர் மட்டும் என்ன, சும்மாவா ஈந்தாங்க?"

என்னை! என்னை மன்னிப்பதற்கு அந்த மனிதருக்கு என்ன இருந்தது? மேலே வந்து கோபத்தில் இரண்டு கோப்பை கஞ்சி குடித்தேன். நன்றாகத் தூங்கினேன். நேற்றுப் புதன் மூன்று மணிக்குக் குடையை எடுக்கிற சாட்டில் கிஷாந்தனிடம் போய் இந்த அநியாயத்தைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த சிரிப்பில் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். அடுத்த புதனும் வரச் சொல்லியிருக்கிறான்.

ஆகவே இந்தப் பகுதியில் உளவளத்துணையாளர் இருக்கிறார். மேலே எழுதியதைத் தாங்கள் பிரசுரிக்க வேண்டாம். இந்தப் பின்குறிப்பை மட்டும் பிரசுரிக்கலாம். புதன் மூன்று மணிக்கு மட்டும் வேறு ஒருவரும் வரவேண்டாம் என்று அடியில் போட்டுவிடுங்கள். "இப்படிக்கு" என்பதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவையும் வைத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால், பன்னிரண்டு புள்ளிக்காரன் ஒருவன் எனக்கு உதவினான் என்பது அச்சில் ஏறிவிடும். அதற்கு எனக்கு இன்னும் சில புதன்கிழமைகள் வேண்டும். பெயர் எழுதாத விடைத்தாளுக்கு வாழ்நாள் முழுக்கச் சைபர் போட்டவன் நான். தாங்களும் போடுங்கள், ஐயா. பெயர் எழுதாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.